இரண்டு விசில்

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து எழுத வேண்டுமாம். காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் ஜெனிட்டாவின் உத்தரவு. "என்ன செஞ்சீங்க, எது வந்துச்சு, எது வரலைன்னு எழுதிருங்கம்மா. கொஞ்ச நாள் கழிச்சு வாசிச்சா எம்புட்டு தூரம் வந்துருக்கோம்னு உங்களுக்கே தெரியும்" என்றாள். ஜெனிட்டா நாசரேத்துப் பெண். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தவள். வயதில் என் மகளைவிடச் சின்னவள், அதட்டுவதில் என் மாமியாரைவிடப் பெரியவள்.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் நான். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, முட்டையில் உடைந்தது எத்தனை என்று காலமெல்லாம் எழுதியவள். இடது பக்கம்தான் விழுந்தது. வலது கை பிழைத்துக்கொண்டதால் இதையும் எழுத முடிகிறது.

பரீட்சை லீவில் நடந்தது. குக்கரை இறக்கப் போனேன், இடது கை வரவில்லை. என்ன இது என்று திரும்பினால் இடது கால் வரவில்லை. அப்புறம் தரைதான் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். வாய் கோணவில்லை, பேச்சும் போகவில்லை. அதில் சில பேருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

இன்று செய்தது: படுத்தபடி இடுப்பைத் தூக்கினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எழுந்தும் நின்றேன் என்று ஜெனிட்டா சொல்கிறாள். என்னைப் பிடித்துக்கொண்டு அவள்தான் நின்றாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். முன்பு நடந்த மாதிரி நடக்க வேண்டும். மார்க்கெட்டில் என் பின்னால் வர முடியாமல் சமையல் உதவியாளர் மூச்சு வாங்குவாள். அந்த நடை வேண்டும்.

வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். மகள் அனுசுயாவின் அப்பா. பெயர் வெயிலுமுத்து. சொல்லத்தான் கூடாது, எழுதலாம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் பேச்சு கிடையாது. பதினோரு வருஷமாகிறது. காரணத்தையும் எழுதச் சொல்லி ஜெனிட்டா சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

அனு நாளைக்கு ஓசூர் போகிறாள். லீவு முடிந்துவிட்டது. கூட வந்து இரு என்று கெஞ்சினாள். அவள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. என்னை மூட்டையாகத்தான் ஏற்ற வேண்டும். சரி, ஆள் போடுகிறேன் என்றாள். அடுப்படியில் அப்பாவிடம் அவள் பேசியதும் அவர் சொன்ன பதிலும் காதில் விழுந்தன.

"வேண்டாம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டீங்களே. எப்படிப்பா?"

அதற்குப் பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்டது.

அனு கல்யாணமாகிப் போகும்வரை அவள்தான் எங்களுக்குத் தபால்காரி. "அப்பாட்ட சொல்லு, கேஸ் தீந்துருச்சு." "அம்மாட்ட சொல்லு, நாளைக்கு ஊருக்குப் போறேன்." அவள் போன பிறகு சத்தத்தில் குடும்பம் ஓடுகிறது. டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்தால் காபி. கேட் கொண்டியை இரண்டு தடவை தட்டினால் வெளியே கிளம்புகிறார். வராந்தா விளக்கைப் போட்டு அணைத்தேன் என்றால் சாப்பாடு தயார். ஊமைகள்கூட எங்களைவிட அதிகம் பேசுவார்கள்.

போன வாரம் டாக்டர், அனுவையும் அவரையும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். என்னை வெளியே சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வந்த அனு முகம் கழுவியிருந்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"ரெண்டே மாசம்மா. முன்ன மாதிரி ஓடுவ பாரு."

டாக்டர் அறையில் எதற்கு முகம் கழுவ வேண்டும்?

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மணிச் சத்தம் இங்கே கேட்கும். பதினொரு மணிக்கு மனசு தன்னால் முட்டையை எண்ணப் போய்விட்டது. தற்காலிகமாக யாரையோ போட்டிருக்கிறார்களாம். சாம்பாரில் புளியைக் கொட்டியிருப்பாள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு அவர்தான் தூக்குகிறார். குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டு உலகம்மாள் அக்கா வருகிறாள். தூக்கும்போது அவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். இவ்வளவு கிட்டத்தில் இருந்து எத்தனை காலம் ஆயிற்று. கோடாலித் தைல வாடை அடிக்கிறது. தோள் வலி இருக்கும்போல. இருக்காதா, நான் என்ன காத்தாடியா?

ஜூன் 11, செவ்வாய்

கால் கட்டைவிரல் அசைந்ததாக ஜெனிட்டா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் பெரிய கூத்து. இரும்புக் கடையிலிருந்து நீளக் குழாய் ஒன்றை ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே ஒரு வெல்டிங்காரர். அரை நாள் சுவரைக் குடைந்தார்கள். வீடெல்லாம் புழுதி. முடிந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது. என் கட்டிலில் தொடங்கி ஹால் சுவர் முழுக்கப் போய் பாத்ரூம் வாசல்வரை கைப்பிடிக் கம்பி. கழித்துப்போட்ட பஸ்ஸில் மேலே பிடித்துக்கொள்ளும் கம்பியாம் அது. என் இடுப்பு உயரத்துக்கு இறக்கி மாட்டியிருக்கிறார். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருக்கிறது.

ஜெனிட்டா பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "அப்பா, சூப்பர்ப்பா! எந்த சென்டர்லயும் இப்படிப் பாக்கல."

"பஸ்ஸுல நின்னு பழகுனவங்களுக்கு இதான் தோது" என்றார் அவளிடம். எனக்குத்தான் சொல்கிறார் என்று தெரியாமலா இருக்கும். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

கம்பியைப் பிடித்து நின்றேன். நானே நின்றேன். ஜெனிட்டா கையை எடுத்துவிட்டாள்.

அழுகை வந்தது, புழுதிதான் என்று சொல்லி வைத்தேன்.

ஜூன் 24, திங்கள்

தம்பி கல்யாணத்துக்காக ஜெனிட்டா ஊருக்குப் போய்விட்டாள். ஒரு வாரம் வரமாட்டாள். "அப்பா, நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். வெயிட்ட வலது காலுக்கு மாத்தட்டும், அப்புறம் இடது கால வைக்கட்டும். அவசரப்பட்டா நிறுத்திருங்க. நீங்க நிறுத்தச் சொன்னா நிக்கணும், போகச் சொன்னா போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு எங்கள் கதை தெரியாது. ஒழுங்கான குடும்பம் என்று நினைத்திருக்கிறாள்.

காலையில் காபிக்குப் பிறகு என்னைக் கம்பியோரம் நிறுத்திவிட்டு எதிரே நின்றார். நானும் நின்றேன். அவர் தொண்டையைக் கனைத்தார். சரி, வருகிறது என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். இரும்புப் பெட்டியை உருட்டுகிற சத்தம் கேட்டது.

வெளியே வரும்போது வாயில் விசில்.

டூட்டியில் ஊதிய அதே விசில்தான். இரண்டு தடவை ஊதினார். பீப் பீப். எனக்குச் சிரிப்பதா, எதையாவது எடுத்து எறிவதா என்று தெரியவில்லை. இரண்டு விசில் கொடுத்தால் பஸ் போக வேண்டும், ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும். அது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் காலை எடுத்து வைத்தேன்.

அவசரப்பட்டால் ஒரு விசில். மூச்சு வாங்கினால் ஒரு விசில். உடனே பின்னால் நாற்காலி வந்து நிற்கும். பாத்ரூம் வாசல்வரை போய் வந்துவிட்டேன். உலகம்மாள் அக்கா ஓடி வந்து எட்டிப்பார்த்தாள். "ஏ சம்முகம், என்னடி உங்க வீட்டுக்குள்ள பஸ்ஸு ஓடுது?" அவள் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

ஜூலை 2, செவ்வாய்

ஜெனிட்டா திரும்பி வந்தாள். விசிலைப் பார்த்து அசந்துபோனாள். தன் குரலைவிட இது நல்லது என்று அவளும் விட்டுவிட்டாள். இப்போது அவள் காலைப் பிடித்துத் திருத்துவாள், அவர் ஊதுவார். நான் வண்டி.

விசிலில் ஆயிரம் இருக்கிறது. வேகமாக ஊதினால் சந்தோஷமாக இருக்கிறார். இழுத்து ஊதினால் எங்கேயோ நினைப்பு. நேற்று ஒரு தடவை நான் தடுமாறியபோது விசில் பாதியில் உடைந்து வெறும் காற்றாக வந்தது. பயந்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் அவர் பஸ்ஸில்தான் அம்மா வீட்டுக்குப் போவேன், விளாத்திகுளம் போகிற வண்டி. பெண்டாட்டி என்றாலும் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். "உள்ள ஏறி வாங்க, உள்ள ஏறி வாங்க, படியில நிக்காதீங்க" என்று அந்தக் குரல் முன்னாலிருந்து பின்னால் வரும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் அதே குரல் வேறு மாதிரி இருக்கும். சம்முகத்தாயி என்று முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுவார். ஊரே சம்முகம் என்று வெட்டினாலும் அவர் ஒரு எழுத்தை விட்டதில்லை.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன். இன்று செய்தது: கம்பியோரம் மூன்று சுற்று. முழங்கால் நன்றாக மடங்குகிறது. பாதம்தான் தொங்குகிறது, விரல் தரையில் உரசிக்கொண்டே வருகிறது.

ஜூலை 7, ஞாயிறு

அனுவோடு போனில் பேசும்போது அவர் வராந்தாவில் நின்று பேசுகிறார். நான் நாற்காலியை வாசல் பக்கம் போடச் சொன்னேன், உலகம்மாள் அக்காவிடம். காற்று வருகிறது என்பதற்காக.

அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. குரல் கம்மியிருந்தது. மிளகு ரசம் வைக்கத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவும் முடியாது.

ஜூலை 15, திங்கள்

ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. விழுந்த அன்றைக்கு ஆம்புலன்ஸில் போனது கனவு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் யாரோ என் பேரைச் சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. இன்று குளிப்பாட்டும்போது உலகம்மாள் அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். வண்டியில் கூட வந்தவள் அவள்தான்.

"யாரோவா? வெயிலுமுத்து அண்ணாச்சிதான்டி கத்திக்கிட்டு வந்தாரு. சம்முகத்தாயி, சம்முகத்தாயின்னு கோவில்பட்டியிலருந்து திருநெல்வேலி வரைக்கும். அந்த டிரைவரே திரும்பித் திரும்பிப் பாத்தான். கையப் புடிச்சுக்கிட்டு, முழிச்சுக்கோ முழிச்சுக்கோன்னு. நீ எங்க முழிச்ச? நான்கூட நெனச்சேன், இம்புட்டையும் எங்கடா வச்சிருந்தாருன்னு."

மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் நல்லதாகப் போயிற்று.

அவ்வளவு தூரம் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு ஒன்றுதான் கேட்டிருக்கிறது, அதுவும் நிஜமா என்று தெரியாமல். முழித்திருக்கக் கூடாதா நான்? ஒரு நிமிஷம் முழித்துக் கேட்டுவிட்டு அப்புறம் மயங்கியிருந்தால் என்ன?

பயிற்சி செய்யவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூலை 19, வெள்ளி

தலைமையாசிரியை பார்க்க வந்தார். நல்ல மனுஷி. பை நிறையச் சாத்துக்குடி. அவர் போனதும் பையை அப்படியே உலகம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஜெனிட்டா விடவில்லை. "ஏம்மா, சத்தான பழம். போன தடவை வந்ததையும் குடுத்துட்டீங்க." எனக்கு ஆகாது என்றேன். "என்ன ஆகாது?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் டூட்டியிலிருந்து பாதியில் வந்தார். "உங்க அம்மாவுக்கு முடியலையாம். கொஞ்சம் சீரியஸ்ஸா இருக்காகளாம். கெளம்பு" என்றார். கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போதே திட்டம் போட்டேன். இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும், கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்ற வேண்டும், அண்ணன் எதிர்த்தால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம். அவரிடம் விடாமல் பேசிக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். எட்டயபுரத்தில் பஸ் நின்றது. அம்மாவுக்குச் சாத்துக்குடி வாங்கி வாங்க என்றேன். "தோல் மெலிசாப் பாத்து வாங்குங்க, அவ பிழிஞ்சுதான் குடிப்பா" என்றேன். இறங்கிப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தார்.

விளாத்திகுளத்தில் இறங்கித் தெருவுக்குள் திரும்பினேன். பந்தல் போட்டிருந்தது. கொட்டுச் சத்தம். கையில் சாத்துக்குடிப் பையோடு நான் நிற்கிறேன். தெருவே என்னையும் பையையும் பார்க்கிறது. அம்மா காலையிலேயே போய்விட்டாள். டெப்போவுக்குப் போன் வந்தது காலையில்தான். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் பழம் பொறுக்கினார்.

ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். செத்தவர்களைச் சீரியஸ் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நானே எத்தனையோ பேரை அப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். வழியில் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான். அதெல்லாம் தெரியும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு அம்மா உயிரோடு இருந்தாள். அவளிடம் நான் பேசிக்கொண்டே போனேன். அதை அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு வந்ததும் சொன்னேன். "இனிமே நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க வாயிலருந்து வர்ற எதுவும் எனக்கு வேண்டாம்." கேட்டுக்கொண்டார். மற்ற ஆண்கள் என்றால் நாலாம் நாள் சண்டை போட்டாவது பேசியிருப்பார்கள். இவர் ரூல் புத்தகம் படித்த மனுஷன். சொன்னால் சொன்னதுதான்.

இப்போது என்னிடமும் எல்லாரும் சீரியஸ் என்றுதான் சொல்கிறார்கள். ரெண்டே மாசம், ஓடுவீங்க, நிச்சயமா, கவலைப்படாதீங்க. என் கால் எப்போது செத்தது என்று எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கம்பியை விட்டுவிட்டேன். இப்போது கைத்தடி. நாலு கால் வைத்த தடி, அதுவே ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே வருகிறது. ஹாலிலிருந்து அடுப்படிவரை போய் அடுப்பைத் தொட்டேன். நான் விழுந்த இடம் அது. தரை அப்படியேதான் இருக்கிறது.

இடது செருப்பு காலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பாதம் தூக்காததால் நழுவி நழுவிப் பின்னால் கிடக்கிறது. நேற்று மூன்று தடவை அவர் குனிந்து மாட்டிவிட்டார். இன்று காலையில் பார்த்தால் செருப்பின் பின்பக்கம் எலாஸ்டிக் பட்டி வைத்துத் தைத்திருக்கிறது. தையல் கோணல்மாணல்தான், ஆனால் கழலவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். "வெரி குட், வெரி குட், நல்ல முன்னேற்றம்" என்றார்.

"டாக்டர், முன்ன மாதிரி நடப்பேனா?"

"மனச தைரியமா வச்சுக்குங்கம்மா. அதான் முக்கியம்."

கேட்டதற்கு இது பதிலா? பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டார். கதவு மூடிக்கொண்டது. வெளியே வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. பஸ்ஸில் கணக்கைச் சரிபார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

வீட்டுக்கு வந்ததும் அனுவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா இப்படிக் கேக்குற? நடக்காம என்ன?" என்றாள். சாயங்காலம் ஜெனிட்டாவைக் கேட்டேன். "பாசிட்டிவ்வா இருங்கம்மா." இந்தப் பெண் எல்லாவற்றையும் திருத்துவாள், இதற்கு மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

நிஜம் தெரிந்தவர் ஒருவர் இந்த வீட்டிலேயே இருக்கிறார். அவரைக் கேட்க முடியாது. கேட்டால் மட்டும்? அன்றைக்குப் பழம் பொறுக்கியவர்தானே.

ஆனால் ஒன்று. இத்தனை மாசத்தில் முன்ன மாதிரி ஓடுவாய் என்று ஜாடையில்கூடச் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜெனிட்டா அடுத்த வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொள்கிறாள். "இனிமே நான் எதுக்கும்மா? நீங்களே தெருவுல நடக்கலாம். அப்பாவும் விசில் ஊத வேண்டாம், நீங்களாத்தான் நடக்கணும். சத்தத்துக்கு நடந்து பழகிட்டா தனியா நடக்க வராது" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நல்ல செய்திதான். எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

சாயங்காலம் வேண்டுமென்றே ஒரு சுற்று தப்பாக நடந்தேன். தடியைத் தப்பாக ஊன்றி, காலைத் தப்பாக வைத்து. ஒரு விசிலாவது வரும் என்று பார்த்தேன். ஓடிவந்து முழங்கையைத்தான் பிடித்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

விசில் இல்லை. அவர் முன்னால் போகிறார், நான் பின்னால் போகிறேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

தெருவில் இறங்கியாயிற்று. மூன்று வீடு தாண்டிப் போய்த் திரும்பினோம். ஆளாளுக்கு வாசலுக்கு வந்து நின்று, "அட, நல்லா நடக்கீகளே" என்றார்கள். உரசிக்கொண்டே வரும் பாதத்தைப் பார்த்துவிட்டு உடனே என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, முழு பலம் இருந்தால் விடுவிடுவென்று நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அதுதான் முடியவில்லையே. எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே நகர வேண்டியிருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் வெயிலுக்கு முன்னால் கிளம்பினோம். தெருமுனைவரை போய்விட்டேன். முனையில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், கட்டைச்சுவர். அதில் உட்கார வைத்தார். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பால்காரரின் வண்டி போயிற்று. அப்புறம் யாரும் இல்லை.

நடந்து வந்த வழியைப் பார்த்தேன். ராத்திரி பெய்த தூறலில் மண் நனைந்திருந்தது. வலது கால் வைத்த இடமெல்லாம் ஒழுங்கான தடம். இடது கால் வந்த வழியில் வெறும் கோடு. வாசலிலிருந்து பாலம்வரை அந்தக் காலை நான் ஒரு தடவைகூடத் தூக்கி வைக்கவில்லை என்று மண் சொல்லிவிட்டது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் திறந்துகொண்டது.

"நான் முன்ன மாதிரி நடப்பேனா?"

அவர் திரும்பவில்லை. வேறு யாரிடமோ கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்களத்தான் கேக்கேன். டாக்டர் என்ன சொன்னாரு? நடப்பேனா?"

இப்போது திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நேருக்கு நேர் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. புருவமெல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு. சொல்லுங்கள், நடப்பாய் என்று சொல்லுங்கள் என்று ஒரு மனசு கெஞ்சியது. சொன்னால் இந்த மனுஷனை இனி எந்த ஜென்மத்திலும் மன்னிக்கமாட்டேன் என்று இன்னொரு மனசு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"மாட்ட" என்றார்.

குரல் உடைந்துபோய் வந்தது. கனைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"மாட்ட, சம்முகத்தாயி. பாதம் இனிமே தூக்காதாம். இப்படி இழுத்து இழுத்துத்தான் நடப்ப. கம்பு கடைசி வரைக்கும் வேணும்னுட்டாரு. முதல்லயே சொல்லிட்டாரு, மே மாசமே. போன மாசமும் அதத்தான் சொன்னாரு."

"பள்ளிக்கூட வேலை?"

"அடுப்புக்கிட்ட நிக்க விடமாட்டாக. உக்காந்து எழுதுற வேலை குடுத்தாப் போலாம். குடுப்பாகளான்னு தெரியல. கேக்கணும்."

ஒன்றையும் மறைக்கவில்லை. ஒன்றையும் மெழுகவில்லை. என் கால் செத்துப்போய்விட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு என்ன ஆகுமோ என்று கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அழுதேன். தண்ணிக் குடத்தோடு போன பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். காலுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். காலுக்காகவும்தான். மார்க்கெட்டில் விடுவிடுவென்று போன அந்தச் சம்முகத்தாயி இனி வரமாட்டாள் என்று தெரிந்தால் அழத்தானே வேண்டும். ஆனால் அது மட்டும் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. தோளில் கை வைத்தார். தைல வாடை அடித்தது.

"எந்திரி. வெயில் வந்துரும்" என்றார்.

எழுந்தேன். திரும்பி நடந்தோம். இந்தத் தடவை பக்கத்திலேயே வந்தார். வழியெல்லாம் நான் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பச்சைக் கலர் வீட்டை யார் வாங்கியது? உங்களுக்குச் சளி விட்டதா? கம்பி மாட்டிய வெல்டிங்காரர் எந்த ஊர்? பெட்ரோல் பங்க் பக்கத்தில் என்ன கட்டுகிறார்கள்? ஒன்றும் எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். சில கேள்விகளை இரண்டு தடவை கேட்டேன். அதற்கும் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டு வாசலில் கேட்டைத் திறக்கப் போனார். இன்னொரு தடவை தெருமுனைவரை போய் வருவோமா என்று கேட்டேன்.

"கால் வலிக்கும்" என்றார்.

வலிக்கட்டும் என்றேன்.